ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடும்போது 'இது எங்கே கிடைத்தது?' என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எப்படி உருவாகிறது என்பதை ஆசிரியர்களைவிட, பெற்றோரைவிட, ஏன் சில நேரம் அந்தப் பிள்ளையைவிடவும் பக்கத்திலிருந்து பார்க்கிற இடம் எங்கள் கவுன்ட்டர்தான். அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள்.

நடப்பது இதுதான். சாயங்காலம் பள்ளி விட்டதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பையன் ஓடி வருவான். "அண்ணா, பெரிய கோயில் ப்ராஜெக்ட், பத்து பக்கம், படமெல்லாம் கலர்ல போடுங்க, முதல் பக்கத்துல பேரு மட்டும் மாத்திடுங்க" என்பான். என்ன வேண்டும் என்பதில் அவனுக்குக் குழப்பமே கிடையாது. பத்து பக்கம், கலர், பைண்டிங். உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால் முழிப்பான், ஏனென்றால் அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவிலிருந்து அப்படியே ஒட்டியதில் ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் '[தொகு]' என்று அச்சாகி வரும், வரிக்கு நடுவே மேற்கோள் எண்கள் அனாதையாகக் கிடக்கும், அதுவும் முழு மார்க் வாங்கிவிடும். ஏஐ செயலிகள் வந்த பிறகு முதல் வரியே 'நிச்சயமாக! உங்கள் ப்ராஜெக்ட்டுக்கான விரிவான கட்டுரை இதோ' என்று ஆரம்பிக்கிறது. சுட்டிக்காட்டினால், "ஓ, அந்த வரிய மட்டும் எடுத்துடுங்கண்ணா" என்கிறார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று எனக்குக் காசு வருகிறது, குறை சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லைதான். ஆனால் நானும் வரலாறு எம்.ஏ. படித்தவன், கையில் வாங்கிப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

பிள்ளைகளைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கைக்குள் வருகிற தகவல் எங்கள் காலத்தில் ஒரு மாவட்ட மைய நூலகத்தில்கூட இருந்திருக்காது. தகவல் கிடைப்பது பிரச்சினையே இல்லாமல் போய்விட்டது. கிடைத்ததை நம்பலாமா, இதை யார் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று பார்ப்பதுதான் இப்போது வேலை, அந்த வேலையை நாம் எந்த வகுப்பிலும் கற்றுக்கொடுப்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்காவது இது வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

சிதம்பரம் நடராஜர் கோயில் பற்றிய அந்தப் பதிவு. வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருடம் ஆராய்ச்சி செய்து, நடராஜரின் கால் பெருவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்தப்புல நடுக்கோட்டின் மையப்புள்ளி என்று கண்டுபிடித்தார்களாம். கூடவே, சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்று கோயில்களும் ஒரே தீர்க்கரேகையில், 79 பாகை 41 நிமிடத்தில் இருக்கின்றன என்றும் வரும். எங்கள் கடையில் இது அறிவியல் ப்ராஜெக்ட்டாகவும் வருகிறது, வரலாற்று ப்ராஜெக்ட்டாகவும் வருகிறது, ஆன்மிகக் கண்காட்சிக்கு சார்ட்டாகவும் வருகிறது.

இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். போனில் வரைபடத்தைத் திறந்து சிதம்பரம் கோயில் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் தீர்க்கரேகை, 79.69 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும், 0.69 பெருக்கல் 60, ஏறக்குறைய 41. அப்புறம் காஞ்சி, அப்புறம் காளஹஸ்தி. மூன்றும் ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்துக்குள் ஒரே தீர்க்கரேகையில்தான் வருகின்றன! அதாவது பதிவின் இந்தப் பாதி சரி. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தீர்க்கரேகை பாடத்தை இதைவிட நன்றாக யாரும் நடத்த முடியாது. ஆனால் இங்கேயே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கிற ஆயிரக்கணக்கான பழைய கோயில்களில் ஏதாவது மூன்று ஒரே கோட்டில் வருவது அவ்வளவு அதிசயமா? பஞ்சபூதத் தலங்கள் என்று எடுத்தால் திருவண்ணாமலையும் திருவானைக்காவலும் அந்தக் கோட்டில் இல்லை, அதைப் பதிவு வசதியாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. எதைச் சொல்கிறது என்று பார்ப்பது ஒரு திறமை, எதை விட்டுவிட்டது என்று பார்ப்பது அதைவிடப் பெரிய திறமை.

மற்ற பாதிக்கு வருவோம். காந்த நடுக்கோடு என்பது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கிற இடங்களைச் சேர்த்தால் வருகிற கோடு. அது பூமியைச் சுற்றி வருகிறது. சுற்றி வருகிற கோட்டுக்கு மையப்புள்ளி ஏது? வாக்கியத்திலேயே ஓட்டை. அடுத்து, அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை, பூமியின் காந்தப்புலம் மாற மாற அதுவும் நகர்கிறது. அடுத்து, இந்தியாவில் அது போவது தென்கோடியில். இது ரகசியம் இல்லை. 1963 நவம்பர் 21-ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட்டைத் திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பாவிலிருந்து விட்டதற்குக் காரணமே அந்த மீனவர் கிராமம் காந்த நடுக்கோட்டுக்கு ஒட்டி இருந்ததுதான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். தும்பா எட்டரை டிகிரி அட்சரேகை, சிதம்பரம் பதினொன்று புள்ளி நாலு, ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று போட்டால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது சிதம்பரம்.

அந்த 'வெளிநாட்டு விஞ்ஞானிகள்' யார்? எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எந்த வருடம், எங்கே வெளியிட்டார்கள்? பதிவில் ஒரு பெயர்கூட இருக்காது. பெயர் இல்லாத விஞ்ஞானியைப் பார்த்தாலே பிள்ளைக்குச் சந்தேகம் வர வேண்டும். ஒரு விஷயம், இதைச் சொன்னால் சாமி நம்பிக்கைக்கு எதிராகப் பேசுகிறேன் என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நானும் சிதம்பரம் போய்க் கும்பிடுகிறவன்தான். நடராஜரைப் பார்க்க வருகிறவர் யாரும் காந்த ஊசியோடு வருவதில்லை, இந்தப் பொய் அவருக்குத் தேவையே இல்லை.

உண்மையும் பொய்யும் இப்படிக் கலந்து வருவதுதான் ஆபத்து என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன். முழுப் பொய் என்றால் யாராவது சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதியைச் சோதித்து, சரியாக இருக்கிறதே என்று மீதியையும் விழுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சரி, பெரிய கோயிலுக்கு வருகிறேன், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கொடுக்கிற தலைப்பு. பத்துக்கு எட்டு ப்ராஜெக்ட்டில் 'கோபுர நிழல் தரையில் விழாது' என்று இருக்கும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் போகிற தூரம். காலையிலோ மாலையிலோ போய் நின்றால் விமானத்தின் நிழல் பிராகாரத்தில் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்க்கலாம், அந்த நிழலில் உட்கார்ந்து குடும்பத்தோடு கட்டுச்சோறு சாப்பிடுகிறவர்களையும் பார்க்கலாம். போய்ப் பார்த்து வந்த பிள்ளையே 'நிழல் விழாது' என்று எழுதிக் கொடுக்கிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கண்ணால் பார்த்ததைவிட கூகுளில் வந்தது நிஜம் என்று அது நினைக்கிறது.

இதே கோயிலில் இதற்கு நேர்மாறான ஒரு கதையும் இருக்கிறது, அதை எந்த ப்ராஜெக்ட்டிலும் நான் பார்த்ததில்லை. இன்று ராஜராஜன் கட்டியது என்று குழந்தையும் சொல்லும். ஆனால் இது எப்போதும் எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்தி இல்லை. தலபுராணம் கரிகாலன் கட்டினான் என்று சொன்னது, பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் இப்படிப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886-இல் சென்னை மாகாண அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்த ஹூல்ஷ் என்கிற ஜெர்மன்காரரும் அவருடைய குழுவும் சுவரில் இருந்ததைப் படியெடுத்துப் படித்தபோதுதான் விஷயம் தீர்ந்தது. அந்தச் சுவரில் ராஜராஜனே பேசுகிறான். 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி', அதாவது நாம் கட்டிய கற்கோயில் என்கிறான். 'நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்கிறான். தன் இருபத்தைந்தாம் ஆட்சி ஆண்டில் 275-ஆம் நாள் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறான். அவன் பட்டத்துக்கு வந்தது 985, அதோடு இருபத்தைந்தைக் கூட்டித்தான் 1010 என்கிற கணக்கு வருகிறது. பாடப்புத்தகத்தில் 1010 என்று மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைக்கு இந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை காட்டினால், வரலாறு என்கிற பாடமே வேறு மாதிரித் தெரியும். அந்தக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது, மூலமும் மொழிபெயர்ப்புமாக. கட்டியவனே எழுதியது முதல் சாட்சி, அதைப் படித்து ஆய்வாளர் எழுதியது இரண்டாவது, அதைப் படித்து யூடியூபில் ஒருவர் பேசியது மூன்றாவது, அந்த வீடியோவைப் பார்த்து வாட்ஸ்அப்பில் எழுதியது எத்தனையாவது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் பிரிண்ட் போடுவது பெரும்பாலும் கடைசி வகை.

கீழடியும் இப்படித்தான் படாத பாடு படுகிறது. ஒரே வாரத்தில் ஒரு ப்ராஜெக்ட்டில் ஐயாயிரம் வருடம், இன்னொன்றில் பத்தாயிரம் வருடம் என்று பிரிண்ட் போட்டிருக்கிறேன். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. அவ்வளவு தெளிவாக, ஆழம் உட்பட எழுதியிருக்கிறார்கள். இதுவே பெருமைப்படப் போதாதா? இரண்டாயிரத்து அறுநூறு வருடத்தைப் பத்தாயிரம் ஆக்கினால் நாளைக்கு யாராவது 'தமிழர்கள் சொல்வதெல்லாம் இப்படித்தான்' என்று அந்த உண்மையான 580-ஐயும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். பெருமைக்காகப் பொய் சொல்கிறவர்கள் எதிராளிக்குத்தான் வேலை செய்கிறார்கள் என்பது என் கருத்து, கோபம் வந்தால் வரட்டும்.

பேச்சுப்போட்டி என்றால், இங்கே ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று வாதாடிய ஆங்கிலேயர் மெக்காலே. "இந்தியாவின் குறுக்கும் நெடுக்கும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை" என்று அவர் 1835 பிப்ரவரி 2-ஆம் தேதி இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசினாராம். மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்காத மாணவர் உண்டா? அந்தத் தேதியில் மெக்காலே இங்கிலாந்திலேயே இல்லை, 1834-இலேயே கப்பலேறி வந்து சென்னையில் இறங்கிவிட்டார், 1835 பிப்ரவரியில் கல்கத்தாவில் இருந்தார். அதே தேதியிட்டு அவர் எழுதிய கல்விக் குறிப்பு நிஜமாகவே இருக்கிறது, முழுதும் இணையத்தில் படிக்கலாம். அதில், ஒரு நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒற்றைத் தட்டு இந்தியா, அரேபியாவின் மொத்த இலக்கியத்துக்கும் சமம் என்கிற திமிர் பிடித்த வாதம் இருக்கிறது. ஆளைத் திட்ட வேண்டும் என்றால் அவர் எழுதியதே வேண்டிய அளவுக்கு இருக்கிறது, புதிதாக ஒன்று தயாரிக்க என்ன அவசியம்? இந்தப் போலிக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், தேதி நிஜமானது. தேதி, இடம், எண் என்று துல்லியமாக இருந்தால் நாம் நம்பிவிடுகிறோம்.

இதெல்லாம் வெறும் ப்ராஜெக்ட் விவகாரம், மார்க்கோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் இருந்தார்கள், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களைப் பரப்பி, பயத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர்களையும் பார்த்தோம். அந்த வீடியோவிலிருந்து ஒரு படத்தை எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரு பிளஸ் ஒன் மாணவன் வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் வதந்தி அதோடு நின்றுவிடும்.

இணையத்தில் ஒரு தளம் நம்பகமானதா என்று எப்படிப் பார்ப்பது என்பதற்கு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2017-இல் வெளிவந்தது. பத்து வரலாற்று ஆய்வாளர்கள், பத்து செய்திச் சரிபார்ப்பாளர்கள், தங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர், எல்லோரிடமும் சில இணையதளங்களைக் கொடுத்து எதை நம்பலாம் என்று கேட்டார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, டாக்டர் பட்டம் வாங்கிய வரலாற்றாளர்களிலும் பலர் ஏமாந்தார்கள். அவர்கள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழே கவனமாகப் படித்தார்கள், லோகோ அழகாக இருக்கிறதா, மொழி நன்றாக இருக்கிறதா, அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சரிபார்ப்பாளர்கள் அப்படிப் படிக்கவே இல்லை. பக்கம் திறந்த கொஞ்ச நேரத்திலேயே அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புது டேப் திறந்து, 'இந்த அமைப்பு யார், இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்' என்று தேடினார்கள். நாம் பொண்ணு, மாப்பிள்ளை பார்க்கும்போது அந்த வீட்டாரிடம் மட்டுமா விசாரிக்கிறோம்? அக்கம்பக்கத்தில் கேட்கிறோம் இல்லையா, அதேதான். பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கொடுத்தால்கூட நான் பாதி நிம்மதியாவேன்.

விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள், அது எனக்குச் சம்மதமில்லை. தொடாதே என்றால் பிள்ளை தொட்டுவிட்டுச் சொல்லாமல் இருக்கும், அவ்வளவுதான் நடக்கும். கட்டுரையின் கடைசியில் 'மேற்கோள்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அங்கிருந்து ஆரம்பி என்று சொல்லிக் கொடுக்கலாம். மேலே 'வரலாறு', 'உரையாடல்' என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, யார் எப்போது மாற்றினார்கள், எதைப் பற்றிச் சண்டை போட்டார்கள் என்று அங்கே எல்லாம் வெளிச்சமாக இருக்கிறது. வாட்ஸ்அப் பதிவில் அந்த வசதி உண்டா?

ஏஐ விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அது ஆதாரத்தையும் சேர்த்தே கற்பனை பண்ணிக் கொடுக்கும். 'சான்று நூல்கள் ஐந்து கொடு' என்று கேட்டால் ஐந்தும் வரும், ஆசிரியர் பெயர், பதிப்பகம், வருடம், பக்க எண்ணோடு. அதில் சில புத்தகங்கள் பூமியிலேயே இருக்காது. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த பழைய தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள், பார்த்தால் அப்படித் தீர்ப்புகளே கிடையாது. நீதிபதி ஐயாயிரம் டாலர் அபராதம் போட்டார். வக்கீல்களுக்கே இந்தக் கதி. நம் பிள்ளைகள் கொண்டு வருகிற சான்று நூல் பட்டியலில் ஏதாவது ஒன்றை எடுத்துத் தமிழ் இணைய நூலகத்திலோ கன்னிமாரா நூலகத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் வெளியாகிற புத்தகங்களில் ஒரு பிரதி கன்னிமாராவுக்குப் போக வேண்டும் என்று 1954-லிருந்து சட்டமே இருக்கிறது. எல்லாப் பதிப்பாளரும் அனுப்புகிறார்களா என்பது வேறு கதை.

நமக்கு இதில் ஒரு சொந்தப் பரம்பரையே இருக்கிறது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கம். எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழ் நடத்திக்கொண்டிருந்தார். 1880-இல் இங்கே முன்சீப்பாக வந்த சேலம் ராமசாமி முதலியார், என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன பட்டியலுக்கெல்லாம் அசராமல், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அங்கே ஆரம்பித்தது. 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்குள் ஐயர் ஊர் ஊராக ஏடு தேடினார், கிடைத்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார், ஒரு ஏட்டில் ஒரு சொல்லும் மற்றொன்றில் வேறு சொல்லும் இருந்தால் ஒன்றை மறைத்துவிடாமல் பாடபேதம் என்று குறித்தார், எந்த ஏடு யார் வீட்டிலிருந்து வந்தது என்று முகவுரையில் பெயர் போட்டு எழுதினார். மின்சாரம் இல்லாத காலத்தில் இங்கே ஒருவர் செய்த வேலை இது. நம் பிள்ளைகளுக்கு அவரைத் 'தமிழ்த் தாத்தா' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம், பட்டப்பெயர் ஒரு மார்க் கேள்வி. அவர் எப்படி வேலை செய்தார் என்பது எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

இன்றைக்கு ஏடு தேடி மாட்டுவண்டியில் போக வேண்டாம். மதுரைத் திட்டம் 1998-லிருந்து பழந்தமிழ் நூல்களை இலவசமாகப் போட்டுவருகிறது. இலங்கைத் தமிழர் பற்றி எழுத வேண்டும் என்றால் நூலகம் திட்டம் இருக்கிறது, பழைய பத்திரிகைகள், மலர்கள்கூட அதில் கிடைக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, ஒரு தனி மனிதர் சேர்த்த பழைய அச்சுப் பொருளிலிருந்து பிறந்தது. சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியே இணையத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஊர்க் கிளை நூலகம். நூலக அறிவியலில் உலகத்துக்கே விதி எழுதிக் கொடுத்த ரங்கநாதன் பிறந்தது இதோ பக்கத்தில் சீர்காழி. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், போய் உட்காரலாம். நூலகரிடம் 'இதைப் பற்றி என்ன புத்தகம் இருக்கிறது' என்று வாய் திறந்து கேட்பதும் ஆராய்ச்சித் திறமைதான், நிறையப் பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் விடவில்லை.

இனி நான் கேட்பது. தயவுசெய்து 'தகவல் எழுத்தறிவு' என்று ஒரு புதுப் பாடம் கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் அதற்கும் ஒரு கைடு வரும், நம்பகமான தளத்தின் ஐந்து பண்புகள் யாவை என்று மனப்பாடம் பண்ணுவார்கள், அதற்கும் நான்தான் ஜெராக்ஸ் போடுவேன். ஆசிரியர்கள் ஏற்கெனவே பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்கள் தலையில் இன்னொன்றை ஏற்றுவது நியாயமில்லை. இருக்கிற ப்ராஜெக்ட் மார்க்கிலேயே சின்ன மாற்றம் போதும். பத்து பக்கம் வேண்டாம், இரண்டு பக்கம், கையால் எழுதியது. அதில் ஐந்து தகவல். ஒவ்வொன்றுக்கும் கீழே இது எங்கே கிடைத்தது, அதை யார் எழுதியது, வேறு எங்கே சரிபார்த்தேன் என்று மூன்று வரி. முரண்பாடு இருந்தால் முரண்பாட்டையும் எழுதலாம், அதற்கு மார்க் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும். ஆசிரியர் ஐந்தில் ஏதாவது ஒன்றைத் தொட்டு, "இதைக் காட்டு பார்க்கலாம்" என்று கேட்டால் பிள்ளை போனிலோ புத்தகத்திலோ எடுத்துக் காட்ட வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் ஆகும். ஹைடெக் லேப் இருக்கிற அரசுப் பள்ளிகளில் இதை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 2018-வாக்கில் போலிச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பே நடத்தினார்கள், அங்கேயும் தடுப்பூசி வதந்திதான் தூண்டுதல். நம்மால் முடியாதா என்ன. இதனால் என் கலர் பிரிண்ட் வியாபாரம் படுக்கும், பரவாயில்லை, தேர்வு நேரத்தில் ஜெராக்ஸ் எப்படியும் ஓடும்.

பெற்றோருக்கும் ஒன்று. ராத்திரி ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குப் பதிலாகக் கடைக்கு வந்து, "தம்பி, ஏதாவது போட்டுக் குடுங்க, நாளைக்கு மார்க் போயிடும்" என்று நிற்கிற அப்பா அம்மாக்கள் ப்ராஜெக்ட்டைச் செய்து கொடுக்க வேண்டாம், பிள்ளை சொல்கிற ஒரு தகவலுக்கு "யாரு சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். குடும்ப குரூப்பில் பெரியப்பா அனுப்புகிற பதிவுக்கும் பிள்ளை அதையே கேட்டால் அடக்காதீர்கள். "பெரியப்பா, இது எங்க வந்துச்சு?" என்று மரியாதையாகக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

கடைசியாக உங்களிடமும் ஒரு கோரிக்கை. மாணவர் பக்கத்தில் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்கள், பிள்ளைகள் அதை வெட்டிக்கொண்டு வந்து ப்ராஜெக்ட்டில் ஒட்டுகிறார்கள், பேப்பரிலேயே வந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் பெரிய ஆதாரம். அந்தப் பெட்டிக்குக் கீழே, எந்தப் புத்தகம், எந்த அறிக்கை, எந்தக் கல்வெட்டு என்று சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் ஐந்து தகவலை நான்காகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
கும்பகோணம்.